தென் ஜார்ஜியாவில் பேக்கிங் பட்டை மாட்டிய சீல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் ஜார்ஜியா தென் அட்லாண்டிக்கில், சுமார் 54 டிகிரி தெற்கில் இருக்கும் மலைத் தீவு. நிரந்தரக் குடிகள் கிடையாது, விமான ஓடுதளமும் கிடையாது. சில ஆய்வாளர்கள், சில அதிகாரிகள், வந்துபோகும் கப்பல்கள், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடைப் பருவம் முழுக்க அங்கே ஒரு சின்னத் தளத்தில் மின் வேலை பார்த்தேன் (அங்கே கோடை என்றால் நவம்பரிலிருந்து மார்ச் வரை). நான் விலங்கியல் படித்தவன் இல்லை. ஜெனரேட்டர், பேட்டரி, வயரிங், இதுதான் என் தொழில். ஆனால் பத்துப் பேர்கூட இல்லாத இடத்தில் எல்லோரும் எல்லா வேலைக்கும் கை கொடுத்தாக வேண்டும், அப்படித்தான் நானும் இதில் வந்து மாட்டினேன். யார் பெயரையும் எந்தத் தளம் என்பதையும் எழுதப்போவதில்லை, அது இங்கே தேவையும் இல்லை.

அந்தத் தீவின் கரைகள் ஃபர் சீல்களுடையவை, அதாவது அடர்ந்த ரோமமுள்ள கடல்நாய்கள். ரோமத்துக்காக 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய வேட்டை இந்த இனத்தைக் கிட்டத்தட்ட துடைத்தே போட்டது. பிறகு மெல்ல மெல்லப் பெருகி, இப்போது உலகிலுள்ள அண்டார்க்டிக் ஃபர் சீல்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்தத் தீவில்தான் குட்டி போடுகின்றன. டிசம்பரில் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. பெரிய ஆண்கள் ஆளுக்கு ஒரு துண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் யார் வந்தாலும் பாயும். ஜனவரிக்குப் பிறகு இடம் பிடிக்க வயசு வராத இளம் ஆண்கள் கூட்டமாகக் கரையேறும். நம் கதையில் வருவது இந்த இளவட்டத்தில் ஒன்று.

தீவின் வடமேற்கு முனைக்கு அப்பால் பேர்ட் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1980களின் இறுதியிலிருந்து, கழுத்தில் ஏதாவது மாட்டிக்கொண்டு வரும் சீல்களை ஒன்று விடாமல் எழுதி வைக்கிறார்கள். 1989 நவம்பர் முதல் 2013 மார்ச் வரை அப்படிப் பதிவானவை 1,033. அதில் 40 சதவீதத்துக்கும் மேல் பேக்கிங் பட்டை, அட்டைப் பெட்டிகளைச் சுற்றி இறுக்கிக் கட்டி வருமே அந்த பிளாஸ்டிக் நாடாதான். அடுத்தபடியாகக் கயிறு, மீன் வலைத் துண்டு. மாட்டியவற்றில் அதிகம் இளம் ஆண்கள். இந்தப் பட்டைகளில் பல, தூண்டில் கப்பல்களில் இரை மீன் அடைத்து வரும் பெட்டிகளிலிருந்து வந்தவை என்று கருதப்பட்டதால், தென்கடல் உயிர்வளங்களைக் காக்கும் ஆணையம் 1990களின் நடுவில் இரைப் பெட்டிகளுக்குப் பட்டை கட்டுவதையே தடை செய்தது. வேறு பெட்டிகளிலிருந்து கழற்றும் பட்டையையும் வளையமாக விடாமல் வெட்டி, கப்பலிலேயே எரிக்க வேண்டும் என்பது விதி. கடலில் பிளாஸ்டிக்கை வீசக் கூடாது என்ற மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு அதற்கும் முந்தியது, 1988 டிசம்பர் 31லிருந்து நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இல்லாத கடல் இல்லை அது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் பார்த்தது

பிப்ரவரி முதல் வாரம், மாலை. வானிலைக் கருவிக்குப் போகும் கேபிளை ஏதோ கடித்திருந்தது (எது என்று கேட்க வேண்டியதில்லை), அதைச் சரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நீர் விளிம்பில் படுத்திருந்த ஒரு இளம் ஆணின் கழுத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. முதலில் உப்பு காய்ந்திருக்கிறது என்று நினைத்தேன். அது தலையைத் தூக்கியபோதுதான் கோட்டுக்கு மேலும் கீழும் சதை பிதுங்கி இருப்பது தெரிந்தது. தொண்டைப் பக்கம் ரோமம் இல்லை, சிவந்த பள்ளம். மற்ற சீல்கள் குரைத்துக்கொண்டும் கடித்துக்கொண்டும் இருக்க, இது மட்டும் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத்தான் திரும்பியது.

ரேடியோவில் சொன்னேன். கள ஆய்வாளர்களில் மூத்தவர், மூன்றாவது பருவமாக அங்கே இருந்தவர், பத்து நிமிடத்தில் பைனாகுலரோடு வந்தார். பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார்: ஆண், மூன்று அல்லது நான்கு வயது, பேக்கிங் பட்டை, காயம் கடுமையானது. பின்துடுப்பின் ஓரத்தில் ஒரு பழைய கிழிசல் இருந்தது, அதையும் எழுதினார். மறுபடி கண்டுபிடிக்க அதுதான் அடையாளம்.

எப்படி மாட்டுகிறது என்று அவரிடம் அப்போதுதான் கேட்டேன். இந்தப் பட்டை பாலிப்ரொப்பிலீன், தண்ணீரைவிட லேசு, மிதக்கும். இளம் சீல் எதைக் கண்டாலும் மூக்கை நுழைத்து விளையாடும். தலை உள்ளே போனதும் வளையம் பின்னோக்கிச் சுலபமாக வழுக்கும், ஏனென்றால் ரோமம் அந்தத் திசையில்தான் படிந்திருக்கிறது. திரும்ப முன்னோக்கி வராது. அன்றைக்கு அது தொளதொளவென்று ஒரு மாலை மாதிரிதான் இருந்திருக்கும். சீல் வளரும், பட்டை வளராது. அப்புறம் மாதக்கணக்கில் அது தோலை அறுத்து, கொழுப்பை அறுத்து உள்ளே போகும்.

அன்று இரவு எடுத்த முடிவு

சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசினோம். தளப் பொறுப்பாளர், மருத்துவர், கள ஆய்வாளர்கள் இரண்டு பேர், நான்.

முதல் கேள்வி, தலையிடலாமா? காட்டு விலங்குகளின் சண்டைக் காயம், பசி, குட்டி சாவது, இதிலெல்லாம் கை வைக்கக் கூடாது என்பது அங்கே கறாரான நடைமுறை. ஆனால் மனிதன் போட்ட பொருளால் வந்த காயம் வேறு கணக்கு, மூத்த ஆய்வாளருடைய அனுமதிச் சீட்டில் பட்டை அகற்றுவதும் இருந்தது. அதனால் அந்தக் கேள்வி சீக்கிரம் முடிந்தது.

அடுத்தது, எப்படி? மயக்க ஊசி போடலாமா என்று நான் கேட்டேன், கொஞ்சம் அறியாமைதான். மருத்துவரும் ஆய்வாளரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். சீலின் உடம்பு மூச்சை அடக்கி முங்குவதற்கென்றே ஆனது, மயக்கத்தில் மூச்சு நின்றாலும் நின்றுவிடும். அரை மயக்கத்தில் தண்ணீருக்குள் ஓடினால் மூழ்கிப் போகும். மிச்சம் இருந்த வழி, வளைய வலையைத் தலையில் போட்டு, இரண்டு பக்கமும் ப்ளைவுட் பலகையால் அணைத்துப் பிடித்து, கொக்கி மாதிரி வளைந்த கத்தியால் அறுப்பது. கத்தியின் கூர் உள்வளைவில் மட்டும் இருக்கும், நுனி மழுங்கல், அதனால் சதையைக் குத்தாது. நாற்பது ஐம்பது கிலோ எடையுள்ள விலங்குக்கு இதற்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும்.

எப்போது என்பதில்தான் நேரம் போனது. இளைய ஆய்வாளர் இப்போதே போகலாம் என்றார். காற்று ஏறிக்கொண்டிருந்தது, இருட்டவும் தொடங்கிவிட்டது, நமக்கும் அந்தச் சீலுக்கும் நடுவில் குறைந்தது முப்பது சீல்கள். பொறுப்பாளர் காலையில் என்றார். ஒருவருக்குப் பெரிய கடி பட்டால் கப்பல் வந்து ஃபாக்லாந்துக்கு எடுத்துப்போக நாட்கள் ஆகும், அதைச் சொன்னதும் யாரும் பேசவில்லை. இன்றைக்கும் அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். அடுத்த நாள் நடந்ததுதான் சரியில்லை.

முதல் முயற்சி

காலையில் அது அதே விளிம்பில், தண்ணீருக்கு நாலைந்து அடி தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. திட்டம் இதுதான்: இளையவர் வலையோடு காற்றுக்கு எதிர்ப் பக்கமாக வருவார் (நம் வாடை அதற்குப் போகாது), மூத்தவர் பலகையும் கத்தியுமாகப் பக்கத்தில், நான் இன்னொரு பலகையோடு கடல் பக்கம் நின்று வழியை அடைப்பேன்.

நான் என் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். வலை போடுவதற்குப் பத்து அடி இருக்கும்போது, என் இடதுபுறம் பாறைக்குப் பின்னால் நான் கவனிக்காத ஒரு பெரிய ஆண், இருநூறு கிலோவுக்குக் குறையாது, உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஓடக் கூடாது, கம்பை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும் என்று முதல் நாளே பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் ஓடவில்லை, ஆனால் மூன்று அடி விலகினேன். அந்த மூன்று அடி போதுமாயிருந்தது. நம் சீல் கண் விழித்து, அந்த இடைவெளி வழியாக நேராகத் தண்ணீரில் விழுந்தது. அலைக்கு அப்பால் ஒருமுறை தலை தெரிந்தது, வெள்ளைக் கோட்டோடு.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள்

நடுவில் ஐந்து நாட்கள் அது கண்ணில் படவில்லை. தினமும் காலையும் மாலையும் ஒருவர் கரையை நடந்து பார்த்தோம். சீல்கள் இரை தேடி நாட்கணக்கில் கடலில் இருக்கும் என்பதால் அது செத்ததா பிழைத்ததா என்று சொல்ல வழியில்லை.

ஆறாம் நாள் மதியம் இளையவர்தான் கண்டுபிடித்தார். இந்த முறை கரையிலேயே இல்லை, டசக் புல் மேடுகளுக்கு நடுவில், கடலிலிருந்து எண்பது மீட்டராவது உள்ளே, சேற்றுப் பள்ளத்தில் கிடந்தது. பின்துடுப்பில் கிழிசல் இருந்தது, அதே ஆள். மெலிந்திருந்தது. புல் மேடுகள் ஆள் உயரம், ஆகவே மறைந்து போவது சுலபம், அது ஓடவும் வழி குறைவு. எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், ஆனால் அவ்வளவு தூரம் உள்ளே வந்து ஒதுங்கிக் கிடந்ததே நல்ல அறிகுறி இல்லை என்றார் மூத்தவர்.

வலை முதல் வீச்சிலேயே விழுந்தது. இரண்டு பலகைகளையும் தோளோடு அழுத்தினோம். கிட்டத்தில் அந்த வாடை, அழுகிய மீனும் சீழும் சேர்ந்தது, ஜாக்கெட்டிலிருந்து மூன்று நாள் போகவில்லை. பட்டை மேல்பக்கம் பிடரியில்தான் வெளியே தெரிந்தது, தொண்டைப் பக்கம் சதைக்குள் முழுசாகப் புதைந்திருந்தது. மூத்தவர் பிடரிப் பக்கம் கொக்கியை நுழைத்து இழுத்தார். முதல் இழுப்பில் வழுக்கியது, இரண்டாவதில் பாதி அறுந்தது, மூன்றாவதில் டப்பென்று ஒரு சத்தம். அறுந்ததும் பட்டை தானாக விழாது, பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை ஒரு முனையைப் பிடித்து மெதுவாக உருவ வேண்டியிருந்தது. இரத்தம் நாங்கள் பயந்த அளவு வரவில்லை. மொத்தம் நான்கு நிமிடம் என்று நோட்டில் இருக்கிறது, எனக்கு அரை மணி நேரம் போலிருந்தது.

தையல், மருந்து எதுவும் இல்லை. திறந்த காயம் உப்புத் தண்ணீரில் ஆறட்டும் என்பதுதான் அங்கே வழக்கம், தைத்தால் உள்ளே சீழ் கட்டும். வலையை எடுத்ததும் அது எங்களைப் பார்த்து ஒருமுறை வாயைத் திறந்து காட்டிவிட்டு, புல்லுக்குள் நொண்டிக்கொண்டே போனது. கழுத்தைத் திருப்பியா திரும்பாமலா என்று நான் குறிப்பாகப் பார்த்தேன், அது தெரியவில்லை.

வலையைக் கழற்றும்போது இளையவரின் விரலில் ஒரு கீறல், கையுறை வழியாக. சின்னதுதான், ஆனால் மருத்துவர் அன்று மாலையே டாக்சிசைக்ளின் தொடங்கினார். சீல் கடித்தால் வரும் விரல் வீக்கத்துக்கு ஒரு தனி வகைக் கிருமி காரணம், பென்சிலின் அதற்கு வேலை செய்யாது, விட்டால் மூட்டே மடங்காமல் போகும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கையில் வந்த பட்டை

கழுவி மேசையில் வைத்துப் பார்த்தோம். மஞ்சள் பூத்த வெள்ளை. அகலம் 12 மில்லிமீட்டர், வளையத்தின் சுற்றளவு 43 சென்டிமீட்டர். மேலே சின்னச் சின்ன கட்டம் போட்ட வழக்கமான அச்சு, எழுத்து எதுவும் இல்லை. ஒரு ஓரம் பிசிறு தட்டியிருந்தது. ஆனால் சூடு வைத்து ஒட்டிய மூட்டு அப்படியே இருந்தது, இழுத்துப் பார்த்தேன், என் கைக்கு அசையவில்லை. எந்தக் கப்பல், எந்த நாடு, எந்த வருடம், ஒன்றும் சொல்ல முடியாது.

மூத்தவர் அதற்கு முன் வடதுருவப் பகுதியில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் வேலை செய்தவர். கொம்பில் வலை சுற்றி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும் கலைமான்கள் அங்கே உண்டு என்றார். ஆனால் அவருக்கு மறக்காமல் இருந்தது ஃபுல்மர் என்ற கடல் பறவை. 2013இல் அங்கே எடுத்த 40 பறவைகளில் 35இன் வயிற்றில் பிளாஸ்டிக். வடகடலில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், 0.1 கிராமுக்கு மேல் பிளாஸ்டிக் உள்ள பறவைகள் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று. ஆலைகளும் ஊர்களும் அதிகமில்லாத ஸ்வால்பார்டிலேயே அது 20 சதவீதத்தைத் தாண்டியது. ஃபுல்மருக்கு இரைப்பைக்கும் அடுத்த அரைவைப் பைக்கும் நடுவில் வழி குறுகல், விழுங்கியது சுலபமாக வெளியேறாது. வெளியிலிருந்து பார்த்தால் பறவை பறந்துகொண்டுதான் இருக்கும். சீல் கழுத்துப் பட்டையை நாம் எண்ணுகிறோம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது, கரையேறி நம் முன்னால் படுக்கிறது என்றார். ஃபர் சீலுக்கும் வயிற்றுக் கணக்கு ஒன்று இருக்கிறது: 1990களில் மக்குவாரித் தீவில் சேகரித்த ஃபர் சீல் கழிவில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன, சீல்கள் தின்ற விளக்கு மீன்கள் என்ற சின்னக் கடல் மீன்கள் வழியாக வந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள்.

கிடங்கு

இதை எழுத எனக்கு இஷ்டமில்லை, ஆனால் இதை விட்டால் இந்த ஆய்வுக்கு அர்த்தமில்லை.

பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. டிசம்பரில் எனக்குப் பேட்டரிப் பெட்டிகள் வந்தன, ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டை. கத்தி கைவசம் இல்லாததால், பெட்டியைச் சாய்த்து, மூலையிலிருந்து பட்டையை உருவிக் கழற்றி, வளையமாகவே குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன். வெட்டிப் போட வேண்டும் என்ற போர்டு கிடங்குக் கதவிலேயே ஒட்டியிருந்தது, தினமும் அதைத் தாண்டித்தான் போவேன்.

மறுநாள் கிடங்கைச் சுற்றி நடந்தேன். அங்கே மலையிலிருந்து இறங்கும் காற்று திடீரென்று அடிக்கும், எடை வைக்காத எந்த மூடியையும் தூக்கிவிடும். கிடங்குக்குப் பின்னால், கடலுக்குப் போகும் ஓடை ஓரம், புல்லில் சிக்கி மூன்று முழு வளையங்கள் கிடந்தன. புதுசு, பளபளப்பு குறையாதவை. இரண்டு என் பேட்டரிப் பெட்டியுடையவை, ஒன்று சமையலறைச் சாமானுடையது. சீலின் கழுத்திலிருந்தது எங்களுடையது இல்லை, அது நான் அங்கே வருவதற்கு மாதங்கள் முன்பே மாட்டியிருக்க வேண்டும். ஆனால் ஓடை அந்தக் கரையில்தான் போய் விழுகிறது.

பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து, சம்பவப் பதிவில் அதையும் சேர்க்கச் சொன்னார், என் கையெழுத்தில்.

பிறகு நடந்தது

சீலை இரண்டு முறை பார்த்தோம். அறுத்த மூன்றாம் நாள் அதே கரையில், காயம் திறந்து ஈரமாக இருந்தது. பத்தொன்பதாம் நாள் கடைசியாக: விளிம்புகள் காய்ந்து, நடுவில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு இளம் ஆணோடு வாயைத் திறந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது, கழுத்தும் திரும்பியது. அதற்கப்புறம் பார்க்கவில்லை. பிழைத்தது என்று பதிவில் எழுதவில்லை, ‘கடைசியாகப் பார்த்தபோது ஆறிக்கொண்டிருந்தது’ என்றுதான் இருக்கிறது.

தளத்தில் உடனடியாக மாறியவை சில. பட்டை அகற்றும் கத்தி ஒவ்வொரு பெட்டி பிரிக்கும் இடத்திலும் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டது, போர்டைவிட அதுதான் வேலை செய்தது. குப்பைத் தொட்டிகளுக்குக் கொக்கி போட்ட மூடி நான் செய்து கொடுத்தேன். வெட்டிய பட்டையைத் தனிப் பையில் போட்டு, கப்பல் வரும்போது திருப்பி அனுப்பினோம்.

மறுபடி செய்வதானால்

முதல் முயற்சியைத் தண்ணீர் விளிம்பில் செய்திருக்கவே கூடாது. அது மேலேறி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம், அல்லது கடல் பக்கம் நிற்க அனுபவமுள்ள இன்னொருவரை வைத்திருக்கலாம். சுற்றியிருக்கும் பெரிய ஆண்கள் எத்தனை, எங்கே என்று மேட்டிலிருந்து ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குவது என்பது அதற்குப் பிறகு அங்கே வழக்கமானது. மூன்றாவது ஆளாக மின் வேலைக்காரரை அனுப்புவதானால் அவருக்கு ஒரு நாளாவது வெறும் ஒத்திகை வேண்டும், இது நானே எழுதிக் கொடுத்தது.

இன்னொன்று சட்டத்தின் எல்லை. அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் நெறிமுறை 60 டிகிரிக்குத் தெற்கே, தென் ஜார்ஜியா அதற்கு வடக்கே. இரைப் பெட்டிப் பட்டையைத் தடை செய்த ஆணையத்தின் விதிக்கு எல்லை, குளிர்ந்த தென்கடல் நீர் வெப்ப நீரோடு சேரும் கோட்டை ஒட்டி இருப்பதால், தீவைச் சுற்றிய கடலும் அதற்குள் வருகிறது. ஆனால் அது மீன்பிடிக் கப்பலைத்தான் பிடிக்கும். எங்கள் பேட்டரிப் பெட்டியை எங்கோ ஒரு கிடங்கில் கட்டியவருக்கு அந்த விதி எட்டாது. அதனால் கட்டும் இடத்திலேயே பட்டை வேண்டாம், காகித நாடா போதும் என்று சாமான் அனுப்புகிறவர்களுக்குத் தளம் எழுதியது.

மார்ச் கடைசியில் நான் கிளம்பும் கப்பலிலேயே அடுத்த சரக்கும் வந்தது. இறக்க உதவினேன். பாதிப் பெட்டிகள் காகித நாடாவில் இருந்தன. மீதிப் பாதியில் அதே வெள்ளைப் பட்டை, பெட்டிக்கு இரண்டு.